ஒரு முற்பகலுக்கு ராஜமாதா

வியாழக்கிழமைகளில் பெய்மானே தன் மகனுடைய சட்டைகளைத் துவைப்பாள். அன்றைக்குச் சலவைக்கூடத்தின் பெரிய செப்புக் கொப்பரையை நாங்கள் யாரும் தொடமாட்டோம். விறகுச் சாம்பலைத் துணியில் முடிந்து முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டிருப்பாள். தெளிந்த காரத் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சட்டைகளை அமிழ்த்துவாள், மரத்துடுப்பால் புரட்டுவாள், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்துப்பட்டையில் மட்டும் சோப்பு இழைப்பாள். முழுச் சட்டைக்கும் சோப்புப் போட்டால் நூல் இற்றுவிடும் என்பது அவள் கட்சி.

பழைய அரண்மனையில் துவைக்க ஆள் இல்லாமல் இல்லை. இளவரசனைப் பெற்றவள் என்பதால் அவளுக்கென்றே இரண்டு பணிப்பெண்களைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருப்பார்கள். இவள் கொப்பரையடியில் நிற்பாள்.

எதிர் அறை சிவேகார் அந்தப் பக்கம் வந்தால் சும்மா போகமாட்டாள்.

"என்னக்கா, நாளைக்குப் பாதுஷாவோட அம்மா ஆகப்போறவங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம். அய்யோ, இந்தக் கையையா மந்திரி பாஷாக்கள் எல்லாம் வரிசையா நின்னு முத்தம் குடுக்கணும்? உதடு கிழிஞ்சிரும்."

"ஒனக்குக் கிழியாது. ஒன் உதடு அவ்வளவு தடிப்பு," என்பாள் பெய்மானே, தலை நிமிராமல்.

சிவேகாருக்கும் ஒரு மகன் உண்டு, ஹம்ஸா. பெய்மானேயின் மகன் நுஸ்ரத். இருவரும் கடலைப் பார்த்த புது அரண்மனையில், இளவரசர்களைப் பூட்டிவைக்கும் உள்கட்டுக்குள்ளே அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். தாய்மார்கள் இருவரும் நகரத்தின் நடுவிலிருந்த இந்தப் பழைய அரண்மனையில். நடந்துபோனால் ஒரு பாத்திரம் பால் காய்வதற்குள் போய்விடலாம். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் போகவில்லை.

எனக்குப் பெய்மானேயைத் தெரிந்தது இந்தச் சலவைக்கூடத்து வேலைக்கு வந்த பிறகுதான். அவள் அறையிலேயே எனக்கும் படுக்கை போட்டார்கள். அவளுடைய கதையை அவள் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. துவைக்கும்போதும் நூல் கோக்கும்போதும் உதிர்ந்ததை நான் பொறுக்கிக்கொண்டேன். அபாஸா நாட்டுக் கடற்கரையில் பிறந்தவள். அங்கிருந்து கப்பலில் ஏற்றி வந்து விற்றார்கள். புது அரண்மனைச் சலவைக்கூடத்தில் சேர்த்தார்கள். பெய்மானே என்பது அங்கே வைத்த பெயர். பிறந்த பெயரை அவள் எனக்கும் சொல்லவில்லை. ஒருநாள், இஸ்திரி போட்ட தலைப்பாகைத் துணிகளைச் சுமந்துகொண்டு நடையைக் கடந்தபோது அப்போதைய சுல்தானின் கண்ணில் பட்டாள். சில முறை கூப்பிட்டனுப்பினார். நுஸ்ரத் பிறந்தான்.

"சுல்தான் எப்படி இருப்பார்க்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தாடி வச்சிருந்தார்."

"அவ்வளவுதானா?"

"நான் என்னடி தலையைத் தூக்கியா பார்த்தேன்? தாடி வரைக்கும்தான் தெரிஞ்சுது."

நுஸ்ரத்துக்கு ஏழு வயதாகும்போது அந்தச் சுல்தான் இறந்துபோனார். இன்னொருத்தி பெற்ற, வளர்ந்த மகன் அரியணை ஏறினான். அவனைப் பெற்றவள் வாலிதே ஆனாள். சுல்தானின் தாய்க்கு அதுதான் பட்டம். அந்தப்புரம் முழுக்க அவள் சொல்தான். செத்த சுல்தானின் மற்றப் பெண்களை மழையில் வண்டியேற்றி இங்கே அனுப்பினார்கள். வயதுக்கு வந்த இளவரசர்கள் அந்த வாரத்திலேயே கழுத்தில் இறுகிய பட்டுக்கயிற்றில் முடிந்தார்கள். நுஸ்ரத்தும் கைக்குழந்தை ஹம்ஸாவும் சிறுவர்கள் என்பதால் பூட்டிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு இந்தத் தாய்மாருக்கு மிஞ்சியது ஒரே கணக்கு. அரியணை காலியாகும் அன்று பூட்டுக்குள் இருப்பவர்களில் மூத்தவனைக் கூப்பிடுவார்கள். அவனைப் பெற்றவள் வாத்திய முழக்கத்தோடு புது அரண்மனைக்குத் திரும்புவாள். மற்றவன் உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் ஏறி உட்காருகிறவன் இஷ்டம். நுஸ்ரத் மூத்தவன். அதனால் பெய்மானே ஐந்து வேளையும் சுல்தானின் நீண்ட ஆயுளுக்காகச் சத்தமாக வேண்டிக்கொள்வாள், எல்லாரையும் போல. உள்ளே என்ன வேண்டினாள் என்று நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததைக் கேட்பானேன்.

மகனை அவள் அறிந்திருந்தது அழுக்குத் துணியின் வழியாகத்தான். அந்தப்புரக் காவல் தலைவர் மெர்ஜான் ஆகா புதன்தோறும் மூட்டையைக் கொண்டுவருவார். பெய்மானே அதைப் பிரித்து ஒவ்வொரு சட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "சீமை மாதுளம்பழ ஜாம் குடுத்திருக்காங்க. கையில மை கொட்டியிருக்கு, எழுதுறான் போல. இந்த வாரம் சளி." ஒரு காலத்தில் சின்னச் சட்டைகளாக இருந்தன. அப்புறம் தோள் அகன்றது. பிறகு வயிற்றுப் பக்கம். ஆனாலும் அவள் வாயில் அவன் எப்போதும் பையன்தான். "பையனுக்கு ஜாம் புடிக்கும்" என்பாள், நாற்பதைத் தொடப்போகிறவனை.

இலையுதிரும் மாதத்தில் ஒரு காலை. நாங்கள் பருப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். மெர்ஜான் ஆகா மூட்டை இல்லாமல் வந்தார், புதன்கிழமையும் இல்லை. வந்தவர் நேரே பெய்மானேயின் முன்னால் மண்டியிட்டு அவள் பாவாடை விளிம்பை எடுத்து முத்தமிட்டார். அவள் கையிலிருந்த கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

"சுல்தான் காலமாயிட்டார், வாலிதே சுல்தான்," என்றார் ஆகா.

அறை நிறைந்துவிட்டது. எந்தச் சுவருக்குள்ளிருந்து அத்தனை பேர் வந்தார்களோ. எல்லாரும் விளிம்பைப் பிடித்து முத்தமிட முண்டினார்கள். ஒருத்தி ரோஜா ஜாம் ஜாடியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "எங்களை மறந்துராதீங்கம்மா, மறந்துராதீங்க." பெய்மானேயின் முகத்தில் அன்று வந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் இல்லை. பல் இல்லாத இடம் தெரிய, குழந்தை மாதிரி.

ஆகா மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் அவளையும் தவிர மற்றவர்களை வெளியே போகச்சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, சீக்கிரம் கிளம்பணும். ஊர்வலம், வாத்தியம் எல்லாம் அப்புறம். இளவரசர் கதவைத் திறக்க மாட்டேங்கிறார்."

"ஏன்?"

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். அண்ணன் செத்துட்டார், நீங்கதான் இனி சுல்தான்னு தலைமை மந்திரி, வஸீரே வந்து சொல்லியாச்சு. நம்பல. கயித்தோட வந்திருக்கீங்கன்னு உள்ளேர்ந்து கத்துறார். வெளி முற்றத்துல படைக்காரங்க நிக்கிறாங்க, அவங்களுக்கு ஒரு சுல்தான் வேணும். மத்தியானம் தாண்டினா ரத்தம் ஓடும். பெத்தவ குரல் கேட்டாலாவது திறப்பார்னு உங்களைக் கூட்டிட்டு வரச்சொன்னாங்க."

பெய்மானே எழுந்து நின்றாள். "திறப்பான். நான் கூப்பிட்டாத் திறப்பான். வாடி குல்பெரி."

ஆகா ஆளனுப்பி ஒரு பெட்டியைக் கொண்டுவரச் செய்திருந்தார். திறந்தார். உள்ளே கறுப்பு ரோமம் வைத்துத் தைத்த அங்கி. முழங்கை அகலத்துக்கு ரோமம், உள்ளே பச்சைப் பட்டு. வாலிதேக்கு வாலிதே கைமாறி வருவது. செத்துப்போன சுல்தானின் தாய் சில வருடங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அது கருவூலத்தில் கற்பூரத்தோடு கிடந்தது.

"அக்கா, இப்ப இது எதுக்கு?" என்றேன். "இருக்கிற துணியோடயே போங்க. இப்படித்தானே அவர் உங்களைப் பார்த்திருக்கார்."

"பாதுஷாவோட அம்மா ஒட்டுப்போட்ட பருத்தித்துணியில போய் நின்னா, அந்தப் பாஷாக்கள் என் மகனைப் பத்தி என்னடி நினைப்பாங்க? சலவைக்காரி பெத்ததுன்னு மூக்கைச் சுளிக்கவா?"

"வழக்கமும் இதுதான்," என்றார் ஆகா.

நான் அங்கியைப் பிடித்துக்கொடுத்தேன். அவள் முப்பது வருடமாக ஆசைப்பட்டது மகனுக்காக மட்டும் என்று நான் சொன்னால் அது பொய். அந்த ரோமத்தைத் தடவிய அவள் விரல்களை நான் பார்த்தேன். யார்தான் ஆசைப்படமாட்டார்கள்? அங்கி நீளமாக இருந்தது, அவள் குட்டை. நடையில் சிவேகார் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள், உதட்டில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. மூத்தவன் ஏறினால் இளையவன் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். பெய்மானே அவளைக் கவனிக்கவில்லை. கழுத்துக் கொக்கி மாட்டமாட்டேன் என்றது, அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

புது அரண்மனையில் அந்தக் கட்டுக்குப் போகும் வழி இடுக்கானது, கல் பாவியது. பகலிலும் விளக்கு. அந்தப்புரப் பெண்களைப் பார்க்கக்கூடாது என்று வஸீரும் இன்னும் சிலரும் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். எங்கிருந்தோ, மலைக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல, படைக்காரர்களின் இரைச்சல். கதவு இரும்புப் பட்டை அடித்தது. ஆள் உயரத்தில் கம்பி போட்ட ஒரு சின்னச் சன்னல், உள்ளிருந்து மூடியிருந்தது.

பெய்மானே கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"நுஸ்ரத்."

காதைக் கதவோடு ஒட்டி வைத்தாள்.

"நுஸ்ரத், கண்ணு, நான்தான்டா. அம்மா வந்திருக்கேன். கதவைத் திற."

"யாரு?" என்றது ஒரு குரல். பேசிப் பழகாத குரல், துருப்பிடித்த கீல் மாதிரி. அவருக்குப் பணிவிடை செய்தவர்கள் எல்லாரும் ஊமைகள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

"அம்மாடா. உன் அம்மா. பயப்படாதே. எல்லாம் முடிஞ்சுபோச்சு, நீ வெளிய வா."

காலடிச் சத்தம் தரையைத் தேய்த்துக்கொண்டு அருகே வந்தது. சன்னல் மூடி விலகியது. கம்பிக்குப் பின்னால் ஒரு கண்ணும் கொஞ்சம் தாடியும். தாடி நரைத்திருந்தது. பெய்மானே "அட அல்லாவே" என்று மூச்சுக்குள் சொன்னாள். அந்தக் கண் முதலில் அவள் முகத்தைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. நான் நினைத்தேன், அடையாளம் தெரிந்துவிட்டது, இதோ திறக்கப்போகிறார். பிறகு அந்தக் கண் கீழே இறங்கி அங்கியில் நின்றது.

"மறுபடியும் வந்துட்டியா," என்றார் அவர்.

சன்னல் அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே பெட்டியோ கட்டிலோ இழுபடும் சத்தம். அப்புறம் இன்னும் உள்ளே ஒரு கதவு.

யாருக்கும் விளங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, சாப்பாடு கொடுக்கும் பக்கத்துச் சந்து வழியாக ஓர் ஊமைக் கிழவர் ஊர்ந்து வெளியே வந்தார். இளவரசருக்குச் சின்ன வயதிலிருந்தே ஊழியம் செய்தவர். ஆகாவுக்கு ஊமைகளின் பேச்சுத் தெரியும். ஆனால் அன்று எனக்கே புரிந்தது. கிழவர் தன் தோளைத் தடவிக்காட்டினார், ரோமத்தைத் தடவுவது போல. பெய்மானேயின் அங்கியைச் சுட்டினார். கையை வளைத்து வா, வா என்று யாரையோ கொஞ்சிக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு விரலைத் தன் கழுத்தில் வைத்து இறுக்கினார். இரண்டு முறை. கடைசியில் இடுப்பு உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி ஒரு சின்னப் பையனைக் காட்டி, கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஆகா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பழைய வாலிதே... இந்த அங்கியைப் போட்டுக்கிட்டு வந்துதான் மூத்த இளவரசர்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காங்க. 'அம்மா வந்திருக்கேன், வெளிய வாங்க கண்ணுங்களா'ன்னு. நம்ம இளவரசர் அப்ப சின்னப் பையன், கதவிடுக்குல பார்த்திருக்கார். எனக்கு இது தெரியாதும்மா. நான் அப்ப இங்க இல்ல."

பெய்மானே கொக்கியோடு பிய்த்து அங்கியைக் கழற்றி எறிந்தாள். உள்ளே இருந்தது பழைய பருத்திச் சட்டைதான். அத்தனை ஆண்கள் இருந்த இடத்தில் தலைத்துணியையும் இழுத்துப் போட்டுவிட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"நுஸ்ரத்! இப்பப் பாருடா! நான்டா, சலவைக்காரி பெய்மானே! ஒன் சட்டை எல்லாம் துவைக்கிறவடா! ஒரு தடவை பாரு, ஒரே ஒரு தடவை!"

உள் கதவைத் தாண்டி அது கேட்டதோ என்னவோ. வஸீர் திரும்பாமலே பேசினார். குரலில் கோபம் இல்லை. தலைவலிக்காரர் பேசுவதுபோல் பேசினார்.

"தொழுகை அழைப்புக்கு முன்னால ஒரு சுல்தான் வெளிய வந்தாகணும். அடுத்தவரைக் கூப்பிடுங்க."

"கொஞ்சம் பொறுங்கய்யா, திறப்பான்யா, அவனுக்குப் பயம், அவ்வளவுதான்..."

அடுத்த கதவைத் தட்டினார்கள். ஹம்ஸா உடனே திறந்தார். கைக்குழந்தையாகப் பூட்டப்பட்டவர், பயப்படுவதற்கான ஞாபகம் எதுவும் அவரிடம் இல்லை. பருத்த உடம்பு, வெளுத்த முகம். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்து, "சாப்பாடு இன்னும் வரலையே?" என்றார். அப்படியே கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். நாங்கள் வண்டியேறும்போது பீரங்கி முழங்க ஆரம்பித்துவிட்டது. அங்கியைத் தரையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மடித்துப் பெட்டியில் வைத்தார் மெர்ஜான் ஆகா. அது இனி வேறொருத்திக்குத் தேவைப்படும்.

வண்டியில் பெய்மானே ஒன்றே ஒன்றுதான் பேசினாள். "தாடி நரைச்சிருச்சுடி."

பழைய அரண்மனைக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. கூட்டம் இப்போது எதிர் அறையில். காலையில் ரோஜா ஜாம் கொடுத்தவள் எங்கள் அறைக்குள் நுழைந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள். "மூடி சரியா இல்ல, மாத்திக் குடுக்கிறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே போய், எதிர் அறையில் கொடுத்தாள். பணிப்பெண்கள் இருவரும் நடையில் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. "இவங்களுக்கு என்னன்னு மரியாதை பண்றது? ஒரு முற்பகல் வாலிதேயா இருந்தாங்களே, அதுக்கு எந்த வரிசை?" "கொப்பரைக்குப் பக்கத்து வரிசை." இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஓடிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பவர்கள் மேல் பயம் இல்லை. பெய்மானேக்கும் இல்லை. வேறு பயம். புது சுல்தான் ஏறிவிட்டார். அவருக்கு மூத்தவர், முதலில் கூப்பிடப்பட்டவர், இன்னும் பூட்டுக்குள் இருக்கிறார். நாளைக்குப் படைக்காரர்களுக்கு இந்தச் சுல்தானைப் பிடிக்காமல் போனால் அந்தக் கதவைத்தான் தேடிப்போவார்கள். அப்படிப்பட்ட கதவை எந்தச் சுல்தானின் தாய் சும்மா விட்டுவைப்பாள்?

புதன்கிழமை துணி மூட்டை வரவில்லை.

"ஆட்சி மாறியிருக்கு. எல்லாம் தலைகீழாக் கெடக்கு. யாருக்கு மூட்டை ஞாபகம் இருக்கும்?" என்றேன்.

"மெர்ஜானுக்கு இருக்கும்," என்றாள் அவள்.

மெர்ஜான் ஆகாவுக்கு ஆளனுப்பினேன். அவர் பார்க்க முடியாத அளவுக்கு வேலையாக இருக்கிறார் என்று பதில் வந்தது. பெய்மானே படுக்கையை விட்டு எழவில்லை. அழவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். கரண்டியை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருப்பாள், நான் ஞாபகப்படுத்தினால் விழுங்குவாள். ஒருமுறை மட்டும் திடீரென்று சொன்னாள்: "நீ சொன்ன மாதிரி நான் இருக்கிறதோட போயிருக்கணும்டி." நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். ஆமாம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது.

சிவேகாரின் ஊர்வலம் அந்த வாரக் கடைசியில் கிளம்புவதாக ஏற்பாடு. வாசலில் தங்க முலாம் பூசிய வண்டி வந்து நின்றது. நீண்ட பயணம் கிளம்புகிறவர்களும் சாகக்கிடக்கிறவர்களும் எங்கள் வழக்கப்படி எல்லாரிடமும் போய் ஹலால் கேட்பார்கள். உனக்கு என் மேல் உள்ள உரிமையையும், என் மேல் நீ மனத்தில் வைத்திருக்கும் வருத்தத்தையும் விட்டுக்கொடு என்று. ஹலால் என்று எதிராளி சொன்னால்தான் பாரம் இறங்கும். சொல்லாவிட்டால் மறுமை வரைக்கும் கூடவே வரும். வாலிதே ஆனாலும் அதில் விலக்கு இல்லை. சிவேகார் அறை அறையாகப் போய்க் கேட்டாள். எங்கள் அறைக்குக் கடைசியில் வந்தாள். அங்கியை அவள் போட்டுக்கொண்டு வரவில்லை. அந்த மட்டுக்கு அவளுக்கு இரக்கம் இருந்தது.

பெய்மானே எழுந்து உட்கார்ந்தாள். சிவேகார் படுக்கையோரத்தில், தரையில், பழைய மாதிரியே உட்கார்ந்தாள்.

"அக்கா, போயிட்டு வரேன். இத்தனை வருஷத்துல தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாவது பேசியிருப்பேன். கேலி பண்ணியிருப்பேன். மனசுல வச்சுக்காதீங்க. ஹலால் பண்ணிருங்க."

"பண்றேன்," என்றாள் பெய்மானே. "அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. புதன்கிழமை துணி வரல. என் பிள்ளை இருக்கானா?"

சிவேகார் தன் மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். விரல்களுக்கு மருதாணி புதிதாக இட்டிருந்தது.

"நீயும் பெத்தவ," என்றாள் பெய்மானே. "கதவையே திறக்கத் தெரியாதவன் ஒன் மகனை என்னடி பண்ணிருவான்? அவனுக்கு அந்த அறை போதும். ஜாமும் ஒரு விளக்கும் போதும். நான் அவனைப் பாக்கணும்னுகூடக் கேக்கல. இருந்தா இருக்கான்னு ஒரு வார்த்தை. இனிமேலும் விட்டுவைப்பேன்னு ஒரு வார்த்தை."

கீழே முற்றத்தில் முரசை ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள்.

"சிவேகார். நான் ஒன்னைத்தான் கேக்கறேன்."

"வண்டி காத்துக்கிட்டிருக்குக்கா," என்றாள் சிவேகார். அவள் எழுந்துவிட்டாள். ஆனால் போகவில்லை, அந்த ஒரு சொல் கிடைக்காமல் அவளால் போகமுடியாது. பெய்மானேயின் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். பிடித்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஹலால்டி," என்றாள் பெய்மானே. "எல்லாம் ஹலால். ஒண்ணு பாக்கியில்லாம விட்டுட்டேன். என் பக்கத்துலேர்ந்து ஒனக்கு ஒரு பாரமும் இல்ல. இப்பச் சொல்லு. இருக்கானா?"

சிவேகார் குனிந்து அவளுடைய வெடித்த கையை எடுத்து முத்தமிட்டாள். நெற்றியிலும் வைத்துக்கொண்டாள். பிறகு கையைப் பதமாகப் போர்வையின் மேல் வைத்துவிட்டு, கதவுத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.